லிசானியாஸ் இறந்த பிறகு

பொசெய்தியோன் மாதம், பௌர்ணமிக்கு மறுநாள்
ஆண்ட்ரோஸ் துறைமுகம், வலைக் குடிசை

திமாரெத்தா,

நான் சாகவில்லை.

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் யோசித்தேன். இதற்கு மேல் சுருக்க முடியவில்லை. ஏதென்ஸிலிருந்து கிளம்பிய கப்பல் உடைந்தது உண்மை. மூழ்கியவர்களில் நான் இல்லை. கொள்ளையர்கள் எங்களைப் பொறுக்கியெடுத்துக் கிரீட்டில் விற்றார்கள். இரண்டு வருடம் ஒரு கல்குவாரி. முதலாளி செத்தபோது அவன் மகன், தின்கிற அளவுக்கு வேலை செய்யாதவர்களை அவிழ்த்துவிட்டான். நான் அவர்களில் ஒருவன்.

நகர வாசல் காவலன் என்னைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டான். அதுதான் விசித்திரம். "லிசானியாஸ் அண்ணே!" என்று வாய் நிறையக் கூப்பிட்டான். கூப்பிட்ட வாயைக் கையால் மூடிக்கொண்டான். ஈட்டியைக் குறுக்கே போட்டான்.

"உள்ள வராதீங்க அண்ணே. உங்களுக்குக் காரியம் பண்ணியாச்சு."

"நான்தான் உயிரோட நிக்கிறேனே."

"அது தெரியுது. ஆனா பண்ணியாச்சே."

பிறகு என் தம்பி, உன் சித்தப்பா டெமோகாரெஸ் வந்தான். பத்தடி தள்ளி நின்றான். அழுதான். அது பொய்யழுகை இல்லை. ஆனால் அருகே வரவில்லை. ரொட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் போனான்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் மீன்காரி மிர்ட்டாலே சொன்னாள், அவன் மகன் ஃபிலோனுக்கும் உனக்கும் வருகிற மாதப் பௌர்ணமியில் கல்யாணம் என்று. நீ சம்மதித்தாயா என்று கேட்டேன். "அதை எவன் கேட்டான்?" என்றாள்.

பயப்படாதே. அப்பா உயிரோடு இருக்கும்போது வேறு யாரும் உன்னைக் கொடுக்க முடியாது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீ மன்றத்துப் பெரியவர்களிடம் போய், இது நான்தான் என்று சொல்.

பின்பக்கம் இருப்பதைப் படிக்காதே. ஏதென்ஸ் பள்ளியில் எடுத்த குறிப்புகள். வரும் வழியில் நண்பன் ஒருவன் திருப்பித் தந்தான். எழுத வேறு தாள் இல்லை.

லிசானியாஸ்


பொசெய்தியோன், தேய்பிறை நான்காம் நாள்

வலைக் குடிசையில் இருப்பவருக்கு,

உங்களை என்னவென்று அழைப்பது? பூசாரியிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

இது நீங்கள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சிக்கல் அது இல்லை. நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை. கல்லறை இருக்கிறது. துக்க வழக்கப்படி நான் முடி வெட்டிக்கொண்டேன். இறந்தவர் மன்றத்தில் பேச முடியாது. வாசலைத் தாண்ட முடியாது. ஒரு வார்த்தை போதும் என்கிறீர்கள். அந்த வார்த்தையைச் சொல்ல உங்களுக்கு இடமே இல்லை.

பள்ளியும் குவாரியுமாக ஏழு வருடம் வெளியில் இருந்ததால் மறந்திருக்கலாம்: மகன் இல்லாதவர் இறந்தால் வீடும் நிலமும் மகளும் ஒன்றாக நெருங்கிய ஆண் உறவுக்குப் போகும். சித்தப்பா தன் உரிமையை மகனுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். ஃபிலோன் கெட்டவன் இல்லை. அத்திமரங்களை வெட்டுவதற்கு இப்போதே அளவெடுத்துவிட்டான். நான் எழுதுவதைப் பார்த்தால் சிரிப்பான். "கல்யாணத்துக்கப்புறம் கை தானா மறந்துடும்" என்பான். மிரட்டல் இல்லை. நம்பிக்கையோடு சொல்கிறான். அதனால்தான் பயமாக இருக்கிறது.

ஒரு வழி இருக்கிறது. முன்பு இதேபோல் திரும்பி வந்த ஒருவன் டெல்ஃபிக்கு ஆள் அனுப்பிக் குறி கேட்டானாம். 'உன்னையே அறி' என்று வாசலில் வெட்டி வைத்திருக்கும் கோயில். உள்ளேயிருந்து வந்த பதில்: பெண்கள் அவனைக் கழுவட்டும், தொட்டில் துணியில் சுற்றட்டும், பால் கொடுக்கட்டும். ஒரு பெண்ணின் உடைக்குள் நுழைந்து வெளியே வரவேண்டும். மறுபடி பிறக்கவேண்டும். பத்தாம் நாள் பெயர் வைப்பார்கள். அதன்பிறகு வாசல் திறக்கும்.

பௌர்ணமிக்கு இருபத்தாறு நாள் இருக்கிறது. செய்யுங்கள்.

இன்னொன்று. கிரீட்டிலிருந்து நேரே இங்கே வரவில்லை நீங்கள். பள்ளிக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கிறீர்கள்.

அம்மா இறந்தபோதும் அங்கேதான் இருந்தீர்கள். வரவில்லை. கடிதம் அனுப்பினீர்கள். ஆன்மா அழியாது, உடல் ஒரு மேலாடை என்று நான்கு பக்கம். எனக்கு வயது பதினான்கு. உங்களைப் புதைக்க உடல் கிடைக்காதபோது அந்தக் கடிதத்தைத்தான் பானையில் போட்டுப் புதைத்தேன். கல்லறைக்குள் இருப்பது அது.

திமாரெத்தா


பொசெய்தியோன், தேய்பிறை ஐந்தாம் நாள்

திமாரெத்தா,

முடியாது.

வீம்பு என்று நினைக்காதே. ஆசிரியர் ஒருமுறை எங்களிடம் கேட்டார்: உன் கையை வெட்டிவிட்டால் நீ போய்விடுவாயா? ஊர், பெயர், சொத்து, எல்லாவற்றையும் எடுத்துவிட்டால்? எல்லாம் போன பிறகு மிஞ்சுவது எது? அவரே சொன்னார்: உள்ளே இருந்துகொண்டு 'சரி' என்றும் 'மாட்டேன்' என்றும் சொல்கிறதே, அது.

அப்போது அது ஒரு பாடம். குவாரியில் அது மட்டும்தான் என்னிடம் இருந்தது. காலில் சங்கிலி போட்டார்கள். கங்காணி என்னை எழுப்பலாம், நடத்தலாம், அடிக்கலாம். அவனால் தொட முடியாத ஒன்று உள்ளே இருக்கிறது என்று தினமும் காலையில் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அறுபடாத ஒரு இழை. அதைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே வந்து சேர்ந்தேன்.

இப்போது துணிக்குள் சுருண்டு கிடந்து பால் குடித்தால் என்ன பொருள்? அந்த இழை அறுந்துவிட்டது என்று நானே ஒப்புக்கொள்கிறேன். போனவன் வேறு, வந்தவன் வேறு என்று. மாட்டேன். நான் அதே லிசானியாஸ். வேறு வழி கண்டுபிடிப்போம். மன்றத் தலைவருக்கு எழுதுகிறேன்.

உன் அம்மா விஷயம். நீ சொன்னது நியாயம். ஆனால் ஒன்று சொல்வேன். அன்று வராமல் இருந்தவன் வேறொருவன். புத்தகத்தைத் தவிர ஒன்றும் தெரியாதவன். இன்று அவனைப் பார்த்தால் முகத்தில் துப்புவேன். அவன் செய்ததற்கு என்னைத் தண்டிக்காதே.

லிசானியாஸ்


பொசெய்தியோன், தேய்பிறை பத்தாம் நாள்

குடிசையில் இருப்பவருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மேலே: நான் அதே ஆள், மாறவே இல்லை. கீழே: அவன் வேறு, நான் வேறு. நடுவில் ஒரு விரற்கடை இடைவெளிகூட இல்லை.

உள்ளே வரவேண்டுமென்றால் அதே ஆள். நான் கேள்வி கேட்டால் வேறு ஆள். பள்ளியில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களா? பின்பக்கங்களையும் படித்துவிட்டேன். அங்கே நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

இனி அது முக்கியமில்லை. நீங்கள் ஐந்து நாள் தாமதித்தீர்கள். அதற்குள் சித்தப்பா மன்றத்துக்குப் போய்விட்டார். மிர்ட்டாலே மீன்கூடையோடு படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

சித்தப்பா வாயைத் திறந்து முன்பல் இல்லாத ஓட்டையைக் காட்டினாராம். "இது யார் பண்ணதுன்னு தெரியுமா? எங்கண்ணன். விருந்துல வாக்குவாதம், குத்திட்டான். மறுநாள் மன்னிப்புக் கேளுன்னேன். என்ன சொன்னான் தெரியுமா? 'உன்னைக் குத்தினது நேத்தைய லிசானியாஸ். நான் அதுக்கப்புறம் சாப்பிட்டு, தூங்கி, வளர்ந்த ஆளு. போய் அவனைத் தேடு'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், வாயில ரத்தத்தோட. சரிங்க, ஒரு ராத்திரி தூங்கினாலே ஆள் மாறிடுவான்னா, செத்துப் பொறந்தவன் மாற மாட்டானா?"

மன்றத்தில் இப்போதும் சிரித்தார்களாம்.

பிறகு சிரிப்பில்லை. பலிபீடத்தில் கைவைத்துச் சத்தியம் செய்தார்: மறுபடி பிறக்கிறவன் புது ஆள். பழைய லிசானியாஸுடைய எதுவும் அவனுக்கு இல்லை, மகள் உட்பட. அந்தப் புதுப் பிறப்பு எதைக் கொடுக்கிறதோ அது மட்டும்தான் அவனுக்கு. மன்றம் ஏற்றுக்கொண்டது. வெள்ளைப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

ஆக, சடங்கு செய்யாவிட்டால் நீங்கள் பிணம். செய்தால் அந்நியர். இரண்டிலும் பௌர்ணமி வந்துவிடும்.

ஒரு கேள்வி. அவசரப்பட்டு அடக்கம் செய்யவில்லை என்று காட்ட, சித்தப்பா எண்ணெய் வியாபாரி ஒருவரைச் சாட்சிக்குக் கூட்டிவந்தாராம். அவர் சொன்னது: "கிரீட்டுல ஒரு குவாரி வாசல்ல லிசானியாஸ் மாதிரியே ஒருத்தனைப் பார்த்தேன். கிட்டப் போய், நீ லிசானியாஸ்தானேன்னு கேட்டேன். இல்லைன்னான். அப்புறம்தான் ஊருக்கு வந்து, தேடவேணாம், ஆள் இல்லைன்னு சொன்னேன்."

அவர் வந்து சொன்ன மறுவாரம்தான் நான் முடி வெட்டிக்கொண்டேன்.

அந்த மனிதன் யார்?

திமாரெத்தா


பொசெய்தியோன், தேய்பிறை பதினோராம் நாள்

திமாரெத்தா,

நான்தான்.

வெயில். கல் ஏற்றிய வண்டியில் மாட்டுக்குப் பதிலாக எங்களைக் கட்டியிருந்தார்கள். வாயில் நுரை. அவர் நல்ல செருப்பு போட்டிருந்தார். ஆண்ட்ரோஸ் பேச்சு. என் கல்யாணத்துக்கு எண்ணெய் கொடுத்தவர். குனிந்து முகத்தைப் பார்த்தார். "நீ லிசானியாஸ்தானே?"

"இல்லை."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். எனக்கு நேரம் இருந்தது. மாற்றிச் சொல்லியிருக்கலாம். 'அப்படி ஒருத்தனை எனக்குத் தெரியாது' என்று கூடவே சேர்த்துச் சொன்னேன்.

வெட்கம் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். மீதி வேறு. இல்லை என்று சொன்னவுடன் தோளில் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. மனைவியைச் சாகவிட்டவன் நான் இல்லை. மகளை விட்டு வந்தவன் நான் இல்லை. வண்டி இழுக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான். அன்று நன்றாகத் தூங்கினேன்.

உள்ளே இருந்து 'சரி', 'மாட்டேன்' சொல்கிறது என்று எழுதினேனே, அதுதான் 'இல்லை' என்றும் சொன்னது. யாரும் என்னை அடித்துச் சொல்ல வைக்கவில்லை.

இழை அறுந்தது அங்கேதான். அறுத்தது கங்காணி இல்லை.

பிறகு தலைவருக்கு எழுத உட்கார்ந்தேன். 'நான் லிசானியாஸ்' என்பதைத் தாண்டி எழுத்து நகரவில்லை.


காமேலியோன் மாதம், வளர்பிறை முதல் நாள்

குடிசையில் இருப்பவருக்கு,

நான்கு நாள் பதில் எழுதவில்லை. முதல் நாள், எழுதவே கூடாது என்று இருந்தேன்.

இரண்டாம் நாள் சந்தைக்குப் போனேன். மண்டபச் சுவரில் சட்டங்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்களே, அதை முழுக்கப் படித்தேன். ஒரு பெண் சுவரைப் படித்துக்கொண்டு நிற்பதை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். படிக்கக் கற்றுக்கொடுத்தது நீங்கள். அதை மறக்கவில்லை.

நாற்பதாவது வரிக்குக் கீழே இது இருக்கிறது: ஆண் வாரிசு இல்லாத வீட்டு மகளுக்கு ஒரு மகன் இருந்து, அவனுக்குத் தாடி முளைத்துவிட்டால், தாத்தாவின் வீடும் நிலமும் அவனுடையது. தாயும் அவன் பொறுப்பு. வேறு எந்த உறவினனும் அவளைக் கோர முடியாது.

பலகையில் என்ன இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். புதுப் பிறப்பு எதைக் கொடுக்கிறதோ அது அவனுக்கு.

சடங்கில் உங்களைப் பெறுபவள் யார் என்று யாரும் சொல்லவில்லை. அது பெண்கள் விஷயம், ஹீரா தேவி கோயில் பூசாரிணிதான் முடிவு செய்வார். அவரிடம் போனேன். கன்னிப்பெண் பெறலாமா என்று கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு புரிந்து, கதவைச் சாத்தினார். "ஹீராவே வருஷத்துக்கு ஒருதரம் ஊற்றுல குளிச்சுக் கன்னியாகுறா. நீ ஒருதரம் தாயாகக் கூடாதா? போ, நல்ல துணியா எடுத்து வை."

இதில் பொய் எதுவும் இல்லை. சித்தப்பா சத்தியம் செய்ததை அப்படியே நம்புகிறோம், அவ்வளவுதான்.

ஆனால் நீங்களும் நம்பவேண்டும். வெளியே ஒரு ஆட்டம், உள்ளே அதே லிசானியாஸ் என்று வராதீர்கள். தலைவர் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பார். அதைவிட, எனக்கு வேண்டாம். போன லிசானியாஸ் போனவராகவே இருக்கட்டும். அவருக்கு நான் அழுது முடித்துவிட்டேன். மன்னிப்பதற்கு அவர் இல்லை. அதன்பிறகு நீங்கள் எனக்கு அப்பா இல்லை. ஒருநாளும் இல்லை. உங்களால் முடியுமா?

முடியும் என்றால் நாளை மறுநாள் காலை மிர்ட்டாலேயோடு வருகிறேன். முடியாது என்றால் இப்போதே சொல்லுங்கள். நான் வேறு வழி பார்க்கவேண்டும். கடலுக்கு நிறைய வாசல் இருக்கிறது. எந்த வாசலிலும் காவலன் இல்லை.

இந்த வார்த்தையால் உங்களை நீங்கள் வந்ததிலிருந்து கூப்பிடவில்லை. நாளை மறுநாளுக்குப் பிறகு கூப்பிட முடியாது. அதனால் இங்கே ஒருமுறை.

அப்பா.

திமாரெத்தா


காமேலியோன், வளர்பிறை இரண்டாம் நாள்

திமாரெத்தா,

வா.

முடியுமா என்று கேட்டாய். ஒரு நாள் முழுக்க, நீ கடைசியில் எழுதிய அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கேட்கத்தான் வந்தேன் என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது. கேட்டாகிவிட்டது. இனி அதைத் திருப்பிக் கொடுக்க முடியும்.

கடலைப் பற்றி இன்னொரு முறை எழுதாதே.

பயமாக இருக்கிறது. குவாரியில் இந்த மாதிரிப் பயம் இல்லை. அங்கே என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். இப்போது நானே கொடுக்கவேண்டும்.

இதுதான் குறிப்புகளில் கடைசித் தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை, தேதி மட்டும் இருக்கும். அன்று வகுப்புக்குப் போனேன், தேதி எழுதினேன், உன் அம்மா இறந்த செய்தி வந்தது. அதற்குமேல் எழுதவில்லை. அந்த நான்கு பக்கக் கடிதத்தை எழுதியது பத்து நாள் கழித்து. இந்தத் தாளைத்தான் உனக்கு அனுப்பியிருக்கவேண்டும்.

கையெழுத்துப் போடவில்லை. போடுவதற்கு இன்று ஒருவன் இல்லை.


காமேலியோன், வளர்பிறை பதினோராம் நாள்

என் மகனுக்கு,

நாளை உனக்குப் பத்தாம் நாள். பெயர் வைக்கிறவரை குடிசையிலேயே இருக்கவேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். அன்றைக்குப் பிறகு நான் வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இங்கே வேலை இருந்தது.

நீ சரியாகத்தான் பிறந்தாய். மிர்ட்டாலே உன் முதுகைத் தேய்க்கும்போது, "எத்தனை சுறாவைக் கழுவியிருக்கேன், இப்படி வரிவரியா ஒண்ணைப் பார்த்ததில்ல" என்றாள். அதன்பிறகு மெதுவாகக் கழுவினாள். என் மேலாடைக்குள் தலையை விட்டு நீ வெளியே வரும்போது துணி கிழிந்தது. பரவாயில்லை. தேனும் பாலும் துணியில் நனைத்து வாயில் வைத்தபோது அழுதாய். நான் பயந்துவிட்டேன். மிர்ட்டாலேதான், "அழட்டும் கண்ணு. பொறந்த கொழந்தை அழலன்னாத்தான் பயப்படணும்" என்றாள்.

இன்று மன்றம் கூடியது. என் விஷயம் என்பதால் முக்காடு போட்டு ஓரமாக நிற்கவிட்டார்கள். பூசாரிணி எழுந்து, யார் யாரைப் பெற்றாள் என்று இரண்டு வரியில் சொல்லி உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு டெமோகாரெஸுக்குப் புரிந்தது.

"அவனுக்கு நாற்பத்தெட்டு வயசுங்க!"

"யாருக்கு?" என்றார் தலைவர்.

"எங்கண்ணனுக்கு!"

"உங்கண்ணன் இல்ல, பொறக்கிறவன் புது ஆள்னு நீதானே சத்தியம் பண்ணின? பலகையைப் படி. சத்தமாப் படி."

அவர் படித்தார். பாதியில் குரல் இறங்கிவிட்டது. தலைவர் பூசாரிணியைப் பார்த்தார்.

"பொறந்தவனுக்குத் தாடி இருக்கா?"

"மார் வரைக்கும்."

மன்றமே உடைந்து சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பெரியவர் எழுந்து இது கேலிக்கூத்து என்று கத்தினார். வாக்கெடுத்தார்கள். முதலில் எதிர்ப்பைச் சொல்லும் கறுப்புக் கூழாங்கற்கள்தான் விழுந்தன. ஏழு வரை எண்ணினேன், பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார்: வயது வந்த மகன் இருக்கிறான். வீடு அவனுடையது, தாய் அவன் பொறுப்பு. ஃபிலோனுடைய கோரிக்கை தள்ளுபடி. நான்கு கல் வித்தியாசம்.

படியில் டெமோகாரெஸ் என்னை வழிமறித்தார்.

"யார் சொல்லிக்கொடுத்தா உனக்கு இதெல்லாம்?"

"எங்கப்பா. செத்துட்டார்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் நாக்கால் பல் இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "அவன்கிட்ட சொல்லு. பல்லுக்கு மன்னிப்புக் கேக்கணும். புது ஆளா இருந்தாலும் பரவாயில்ல, கேக்கணும்" என்றார். கேட்டுவிடு. செய்தவர் நீ இல்லைதான். இருந்தாலும் கேள்.

கல்லறையை நான் திறக்கப்போவதில்லை. கடைசித் தாளை மட்டும் அங்கே கொண்டுபோய், பானைக்கு மேல் மண்ணில் செருகிவிட்டு வந்தேன். தேதியுள்ள பக்கம் மேலே இருக்கும்படி.

இனிப் பெயர். முதல் மகனுக்கு, தாயின் அப்பா இறந்திருந்தால் அவர் பெயரை வைக்கலாம். நம் தீவில் பாதி வீட்டில் அப்படித்தான். நான் நிறைய யோசிக்கவில்லை. என்னிடம் வேறு பெயரும் இல்லை.

நாளை விடிந்ததும் மிர்ட்டாலே உன்னைக் கூட்டிவருவாள். நகர வாசலில் சாட்சிக்கு ஒருவர் நின்று பெயரைக் கேட்கவேண்டும், அதன்பிறகுதான் ஈட்டியை விலக்குவார்கள். அந்த எண்ணெய் வியாபாரியை நிற்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் மறுத்தார். பிறகு வருகிறேன் என்றார்.

கிட்ட வந்து குனிந்து உன் முகத்தைப் பார்ப்பார். நீ லிசானியாஸ்தானே என்று கேட்பார்.

இந்த முறை ஆமாம் என்று சொல்.

திமாரெத்தா